டிகிரிக்காகத் தவமிருந்த லாம்டன்

சர்வே பிராக்டிகலில் தியோடலைட்டைத் தொடும்போதெல்லாம் எனக்கு வில்லியம் லாம்டன் ஞாபகம்தான் வரும். இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்த இந்த ராணுவ அதிகாரி, 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்குப் பின், தென்னாட்டையே முக்கோணங்களால் அளக்கத் திட்டம் கொடுத்தார். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார்.

அவருடைய தியோடலைட் அரை டன் எடை! 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி, டிகிரி வட்டம் நெளிஞ்சு போச்சு. வேறொருத்தர்னா கைகழுவியிருப்பார். இவரோ சுமார் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சரிசெய்தார். வட்டம் பிசகினால் முக்கோணம் பிசகும். முக்கோணம் பிசகினால் ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாமே பிசகும்.

இன்று சிவில் 3டி-யில் அந்த லேபிளைப் போட ஒரு நிமிஷம் போதும். ஆனா ஃபார்மட்டைப் பார்க்கணும். தேனியின் தீர்க்கரேகை தசமத்தில் சுமார் 77.48 டிகிரி. அதை 77 டிகிரி 48 நிமிடம் என்று எழுதினால், நம்ம தேனி உசிலம்பட்டிப் பக்கம் போய்விடும்! 0.48-ஐ 60-ஆல் பெருக்கினால் 28.8. ஆகவே 77 டிகிரி 28 நிமிடம் 48 விநாடி என்பதே சரி. விநாடிக்குப் பின்னும் தசமம் வேணும். ஒரு விநாடி என்பது தரையில் சுமார் 30 மீட்டர். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கல்வெர்ட் அடுத்தவர் வயலுக்குப் போக அது போதும்.

லாம்டன் 1823 ஜனவரி 20 அன்று, அளவை வேலைக்கு நடுவிலேயே, மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் காலமானார். பிளாட் எடுக்குமுன் அவரை நினைத்து லேபிளை இன்னொரு தரம் பாருங்கள்!