நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்தபோது சற்றே தயங்கினேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதிக் காலம் கழிப்பவன் நான். சங்கீத சாஸ்திரம் அறியேன். ஆயினும், இசைத்தட்டிலும் வானொலியிலும் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டில் ஒருவரைப் போலவே ஆகிவிட்ட ஒரு மேதையைப் பற்றி எழுத எனக்கும் சிறிது உரிமை உண்டு என்று துணிந்தேன். துணிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை இறுதியில் சொல்வேன்.

என் பாட்டனார் வைத்திருந்த கிராமபோன் பெட்டி, மாற்றலாகும் ஊர்தோறும் என் தந்தையாரோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதற்குச் சாவி கொடுத்து, முள்ளை மாற்றி, அவர் முதலில் வைப்பது ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இரவெல்லாம் ஒரே ராகத்தை வாசிக்க வல்ல ஒருவரின் கலை அந்தச் சிறிய வட்டத்துக்குள் எவ்வாறு அடங்கிற்று என்று இன்றும் வியக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலில் செல்வோர் திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை என்னும் நிலையங்களைக் கடந்து செல்வர். அவற்றுக்கு அண்மையில் உள்ளது திருவாவடுதுறை. திருமூலர் தங்கித் திருமந்திரம் அருளிய தலம் என்று போற்றப்படுவது. பழம்பெரும் சைவ ஆதீனம் ஒன்றின் தலைமையிடம். அவ்வூரின் பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்த ராஜரத்தினம் பிள்ளை 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் பிறந்தார். தந்தையார் குப்புசாமி பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம்.

தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை ஆதீனத்தின் நாகஸ்வர வித்வான். அவரே சிறுவனைத் தம் பிள்ளையாக வளர்த்தார். டி. என். என்று நாம் அறிந்த முன்னெழுத்துக்கள் அந்த மாமனின் ஊரையும் பெயரையும் குறிப்பனவே. வளர்த்தவருக்கு ஒருவர் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் இதனினும் பெரிது ஏது?

சிறுவன் முதலில் பயின்றது வாய்ப்பாட்டு. பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் அவருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகஸ்வரப் பயிற்சி. இந்த வரிசை முக்கியமானது. பாடத் தெரிந்த பின் ஊதக் கற்றவராதலால், அவர் கையில் குழல் பாடிற்று. நாவினால் காற்றைத் தட்டித் தட்டி விடுகின்ற துத்துகாரம் மட்டுமன்றி, பாடகர் மூச்சை நீட்டி அகாரமாகப் பாடும் தன்மையும் அவ்வாசிப்பில் விளங்கிற்று. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைந்துகொண்டே இருப்பது. துளையைப் பாதி மூடியும் திறந்தும், சீவாளியில் மூச்சை இறுக்கியும் தளர்த்தியும் அந்த அசைவைக் கொணர வேண்டும். அது அவருக்குக் கைவந்த வித்தை. தோடி என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி என்று பேசும் அளவுக்கு அந்த ராகம் அவருக்கே உரியதாயிற்று.

கருவியையும் அவர் இருந்தபடியே ஏற்றுக்கொள்ளவில்லை. முற்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி நாகஸ்வரம். குட்டையானது, உச்ச சுருதி உடையது. ஒலிபெருக்கி இல்லாத நாளில், நான்கு வீதிக்கும் கேட்கவேண்டிய ஸ்வாமி புறப்பாட்டுக்கு அது ஏற்றதாக இருந்தது. சபையில் அமர்ந்து விஸ்தாரமாக ராகம் வாசிப்பதற்குத் தாழ்ந்த சுருதியும் கனிந்த நாதமும் வேண்டுமென்று ராஜரத்தினம் பிள்ளை கருதினார். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ரங்கநாத ஆசாரி, நீண்ட குழலுடைய பாரி நாகஸ்வரத்தைச் சுருதி சுத்தமாகச் சமைத்துக் கொடுத்தார். வித்வானின் செவியும் ஆசாரியின் கையும் கூடிச் செய்த காரியம் அது. இன்று கச்சேரி மேடைகளில் நாம் காண்பது பெரும்பாலும் பாரியே. அவ்வூர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடன் சேர்ந்து வாசித்த கச்சேரிகளைக் கேட்டவர்கள் தம் ஆயுள் முழுதும் அவற்றைப் பேசிக்கொண்டிருந்தனர். 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கியபின், கோயில் வாசலில் நின்று கேட்கவேண்டிய இசை வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் என்னும் படத்தில் கவி காளமேகமாகவே அவர் நடித்தார். படம் பெருவெற்றி பெறவில்லை. ஆயினும் ஒரு நாகஸ்வரக்காரரைக் கதாநாயகராக்கிப் படம் பிடிக்க முன்வந்தார்கள் என்பதே அவருக்கிருந்த செல்வாக்கைக் காட்டும்.

இனி அவரது பெருமையின் மற்றொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்நாளில் நாகஸ்வரம் மங்கள வாத்தியம் என்று போற்றப்பட்டதேயன்றி, அதனை வாசித்தவர் போற்றப்பட்டாரில்லை. மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரிய மனிதர் முன் நின்றபடியே அவர் வாசிக்க வேண்டும். பாட்டுக் கச்சேரி செய்பவருக்கு மேடையும் ஜமக்காளமும். இவருக்குப் பந்தலின் ஓரம். இந்த வழக்கத்தை ராஜரத்தினம் பிள்ளை ஏற்க மறுத்தார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார், ஷெர்வாணி அணிந்தார், மேடை அமைத்து, அதில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார். அதைக் கர்வம் என்று ஏசியவரும் உண்டு. தமக்கு மட்டும் சலுகை கேட்டிருந்தால் அது கர்வமாகலாம். அவர் திறந்த வழியே பின்வந்த நாகஸ்வரக்காரர் அனைவரும் மேடையேறினர். ஆதலின் அதனைக் கர்வம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லி சென்றவர்களோடு அவரும் சென்றிருந்தார். ஜவாஹர்லால் நேருவிடம் செங்கோல் அளிக்கப்பட்ட அம்மாலைப் பொழுதில் தலைநகரில் நாகஸ்வரம் ஒலித்தது. ஓரமாக நிற்கவைக்கப்பட்ட வாத்தியம் சுதந்திரத்தின் வாயிலில் முன்நின்றது. தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது தனித்த பெருமையன்றோ! 1955இல் சங்கீத நாடக அகாடமியின் விருது அவருக்குக் கிடைத்தது. மக்களோ அதற்கு முன்னரே நாகஸ்வரச் சக்கரவர்த்தி என்னும் பட்டத்தைச் சூட்டிவிட்டனர்.

குறைகள் இல்லாதவர் அல்லர் அவர். ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வாராமலும், வந்தும் நேரம் தவறியும் பலரை வருந்தச் செய்தார். மதுப்பழக்கம் உடலை வாட்டிற்று. கார், வைரக்கடுக்கன், விருந்து என்று வந்த பொருள் வந்தவழியே சென்றது. 1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், ஐம்பத்தெட்டாவது வயதில், சென்னையில் காலமானார். கலையையும் மதிப்பையும் தேடியவர், பொருளைத் தேடிவைக்கவில்லை.

அவர் விட்டுச் சென்ற செல்வம் சிஷ்யர்களே. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த காருகுறிச்சி அருணாசலம் அவர்களில் தலைசிறந்தவர். 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்து வந்த அவரது நாகஸ்வரத்தை, நம் காலனியில் அறியாத தமிழ்க் குடும்பம் இராது. 1964இல் அவரும் மறைந்தார். குருவின் நாதம் சிஷ்யரின் வழியே சினிமாக் கொட்டகைகளிலும் பட்டிதொட்டிகளிலும் நிறைந்தது.

முதலில் சொல்வதாகக் கூறியதை இப்போது சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனிப் பிள்ளையார் கோயில் விழாவுக்குத் தஞ்சைப் பக்கத்திலிருந்து இரண்டு நாகஸ்வரமும் இரண்டு தவிலும் வரவழைத்தோம். அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. நால்வருக்கும் படுக்கை வசதியோடு டிக்கெட் எடுக்க ரயில்வேக்காரனான நான் முனையவில்லை. இருவர் இரண்டு இரவும் உட்கார்ந்தே வந்தனர். மண்டபத்து வெளித் தாழ்வாரத்தில் தங்கவைத்தேன். நாற்காலிகளெல்லாம் விருந்தினருக்குப் போய்விட்டமையால், மாலையில் இரண்டு மணி நேரம் நின்றே வாசித்தார்கள். கடைசிப் பந்தியில் உண்டார்கள். அன்று மூத்தவர் வாசித்ததும் தோடிதான். நானோ வரவு செலவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டும் கேளாதவனாய் நின்றேன். புறப்படுகையில் அவர் என்மீது குறை ஒன்றும் கூறவில்லை. என் குழந்தையின் தலையைத் தொட்டு வாழ்த்திவிட்டே சென்றார்.

சிறுவயது முதல் ராஜரத்தினம் பிள்ளையின் இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்தவன், அவர் எதற்காகப் போராடினாரோ அதனையே மறந்தேன் என்பது பின்னர்தான் உறைத்தது. இசைத்தட்டைத் துணியால் துடைத்து உறையிலிட்டு வைப்பதில் எங்களுக்கு இருந்த கவனம், மூச்சடக்கி ஊதும் மனிதரிடத்தில் எனக்கு இல்லாது போயிற்று.

இப்போது நம் கல்யாணங்களில் கைபேசியின் பொத்தானை அமுக்கினால் கெட்டிமேளம் வந்துவிடுகிறது. செலவில்லை, தங்கவைக்கும் தொல்லையில்லை. பழைய இசையை நினைத்து ஏங்குகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பொருள் இருக்குமாயின், அதனை இன்றும் வாசிப்பவரை அழைக்க வேண்டாமா? வரும் ஆண்டு விழாவுக்கு நாகஸ்வரக் குழுவை வரவழைக்குமாறு காரியக் கமிட்டியாரை வேண்டுகிறேன். டிக்கெட் நான்கையும் படுக்கை வசதியோடு எடுத்து அனுப்பும் பொறுப்பு என்னுடையது. மேடையும் ஜமக்காளமும் கமிட்டியார் தரவேண்டும். முதற் பந்தியில் அவர்களுக்கு இலை போடுவோம்.

நாகஸ்வரச் சக்கரவர்த்தியின் நாமம் வாழ்க!