பட்டாணிச் செடி வளர்த்த மடாதிபதி

தாயின் கண்ணும் தகப்பனின் நிறமும் பிள்ளைக்கு வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சில வீடுகளில் பெற்றோர் இருவரிடமும் காணாத சாயல் ஒன்று பிள்ளையிடம் தோன்றும். பாட்டனாரை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று ஊரார் சொல்வர். ஒரு தலைமுறையில் காணாமற்போன அந்தச் சாயல் எங்கே ஒளிந்திருந்தது? எவ்வாறு மீண்டும் வந்தது? இக்கேள்விக்கு முதன்முதலிற் சரியான விடை கண்டவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். பிறப்புரிமையியல் என்னும் விஞ்ஞானத்தின் தந்தை என இன்று உலகெங்கும் போற்றப்படும் வண. கிறகோர் மெண்டல் அடிகளாரே அவர்.

குடியானவர் வீட்டுப் பிள்ளை

1822ஆம் ஆண்டு யூலை மாதம், அந்நாளில் ஒஸ்திரியப் பேரரசின் கீழிருந்த சிலேசியாவில் ஹைன்சன்டோர்வ் என்னும் சிற்றூரில் மெண்டல் பிறந்தார். அவ்வூர் இன்று செக் குடியரசில் இருக்கிறது. ஞானஸ்நானத்தில் இடப்பட்ட பெயர் யோகான். தந்தை அன்ரன் ஏழைக் குடியானவர். வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றி உழைக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. எஞ்சிய நாட்களில் தம் சிறு நிலத்தையும் பழமரங்களையும் பராமரித்தார். அவ்வூர்ப் பங்குக் குருவானவரும் பழமரச் செய்கையில் வல்லவர். பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுத்தோடு தோட்டக் கலையையும் கற்பிக்கச் செய்தார். ஒட்டுக் கட்டவும் செடிகளைக் கூர்ந்து நோக்கவும் சிறுவன் யோகான் பழகியது அங்கேதான்.

1838ஆம் ஆண்டு மரம் ஒன்று விழுந்து தந்தை படுகாயமுற்றார். குடும்ப வருமானம் நின்றது. பதினாறு வயது மகன் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்து, அரை வயிறு உண்டு, தன் படிப்பைத் தொடர்ந்தான். பட்டினியாலும் கவலையாலும் நோயுற்றுப் பல மாதங்கள் வீட்டிற் கிடந்ததுமுண்டு. அவ்வேளையில் தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கை அண்ணனின் படிப்புக்கென விட்டுக்கொடுத்தாள். மெண்டல் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவளுடைய மூன்று ஆண்மக்களின் படிப்புக்கும் அவரே உதவினார். அவர்களுள் இருவர் வைத்தியர்களானார்கள்.

மடத்தின் வாசலில்

1843ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், தம் பௌதிக ஆசிரியரின் சிபார்சோடு, புறூண் நகரிலுள்ள புனித தோமையார் மடத்தில் அவர் சேர்ந்தார். இன்று அந்நகருக்குப் புர்னோ என்று பெயர். புனித அகுஸ்தீனார் சபையைச் சேர்ந்த அம்மடத்தில் கிறகோர் என்னும் துறவறப் பெயரைப் பெற்றார். சீவனத்துக்குப் போராடும் கவலையிலிருந்து விடுபடவேண்டிய நிலையே தம்மை மடத்துக்குக் கொண்டுவந்ததென அவர் பின்னர் ஒளிக்காமல் எழுதிவைத்தார். இறைவன் மனிதரை அழைக்கும் வழிகள் பல. வறுமையும் அவற்றுள் ஒன்று.

1847இல் குருப்பட்டம் பெற்றார். நோயாளரைச் சந்திக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. அவர்கள் படும் வேதனையைக் கண்டு தாங்கமாட்டாமல் தாமே நோயில் விழுந்தார். மடாதிபதி சிறில் நாப் அவர்கள் இதை அறிந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. 1849இல் ஸ்னைம் என்னும் நகருக்குப் பதில் ஆசிரியராக அனுப்பினார். அங்கே மெண்டல் நல்லாசிரியர் எனப் பெயரெடுத்தார். ஆயினும் 1850இல் ஆசிரியத் தராதரப் பத்திரத்துக்கான பரீட்சையில் தவறினார். நாப் அடிகளார் மனந்தளராமல் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1851 முதல் 1853 வரை அங்கே டொப்ளரிடம் பௌதிகமும் உங்கரிடம் தாவரவியலும் கற்றார். 1856இல் மீண்டும் பரீட்சைக்குத் தோற்றினார். அம்முறையும் சித்தி கிட்டவில்லை. கடைசிவரை அவர் தராதரப் பத்திரமில்லாத பதில் ஆசிரியராகவே படிப்பித்தார்.

எட்டு ஆண்டுத் தோட்டம்

பரீட்சையில் இரண்டாம் முறை தவறிய அதே 1856ஆம் ஆண்டிலேதான் மடத்துத் தோட்டத்தில் அவருடைய பெரும் ஆராய்ச்சி தொடங்கியது. 35 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமுமான ஒரு துண்டு நிலம். பட்டாணி விதை முப்பத்துநான்கு வகைகளை வருவித்து, தம் இயல்பு மாறாமல் விளைகின்றனவா என்று அதற்கு முன்பே இரண்டு ஆண்டுகள் பரிசோதித்திருந்தார். பின்னர் தெளிவாக வேறுபடும் ஏழு இயல்புகளைத் தெரிந்துகொண்டார். விதை உருண்டையா, சுருங்கியதா, மஞ்சளா, பச்சையா, செடி உயரமா, குட்டையா என்பன போன்றவை அவை.

பட்டாணிப் பூ இயற்கையிலே தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும். ஆகவே பூ விரியுமுன் மொட்டைத் திறந்து, கேசரங்களை ஒவ்வொன்றாகக் களைந்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, பூச்சிகள் தீண்டாதபடி சிறு பையாற் கட்டிவிடவேண்டும். இதைப் பல பூக்களில் அவர் பொறுமையோடு செய்தார். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகள் அவர் கையால் வளர்ந்தன.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதலாந் தலைமுறை விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அழிந்துவிட்டதுபோலத் தோன்றியது. அவ்விதைகளை நட்டு, தம்முள்ளே கருக்கட்ட விட்டு, அடுத்த தலைமுறையை எண்ணினார். மொத்தம் 7,324 விதைகள். 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. மஞ்சள், பச்சை விதைகளில் 8,023ஐ எண்ணியபோது 6,022 மஞ்சள், 2,001 பச்சை. எதை எண்ணினாலும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கே வந்தது.

இதன் பொருள் என்ன? ஒவ்வோர் இயல்புக்கும் உயிரினுள் இரண்டு காரணிகள் உண்டு. ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றது தாயிடமிருந்தும் வருவது. அவற்றுள் ஒன்று ஆட்சியுடையது, மற்றது பின்னிடைவானது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது பின்னிடைவானது வெளியே தெரியாது. ஆயினும் அது கரைந்துபோகவில்லை. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது இரண்டு காரணிகளும் மீண்டும் பிரிந்து, தனித்தனியே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. இரு பக்கத்திலிருந்தும் பின்னிடைவானதே வந்து சேர்ந்தால், மறைந்திருந்த இயல்பு மாசுபடாமல் முன்போலவே வெளிப்படுகிறது. நான்கில் ஒன்றுக்கு இவ்வாறு நேர்கிறது. பாட்டனாரின் சாயல் பேரனிடம் வருவதன் இரகசியம் இதுவே.

யாரும் உணராத உண்மை

1865ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதியும் மார்ச் 8ஆந் திகதியும் புறூண் இயற்கை விஞ்ஞானச் சங்கக் கூட்டங்களில் இம்முடிவுகளை அவர் வாசித்தார். அடுத்த ஆண்டு அவை சங்கத்தின் வெளியீட்டில் அச்சாகின. ஐரோப்பாவின் நூலகங்கள் பலவற்றுக்கும் அந்த இதழ் சென்றது. தனிப் பிரதிகள் நாற்பதை வாங்கி அறிஞர்களுக்கும் அனுப்பினார். செடிகளைப் பற்றிய கட்டுரையில் இத்தனை கணக்கு ஏன் என்று வியந்தவர்கள்போலும், அதன் பெறுமதியை எவரும் உணரவில்லை. மியூனிக் நகரின் புகழ்பெற்ற பேராசிரியர் நேகலி மாத்திரம் கடிதத் தொடர்பு கொண்டார். அவருங்கூட ஹீறாசியம் என்னும் வேறொரு செடியில் பரிசோதிக்க மெண்டலை ஊக்கினார். அச்செடி பெரும்பாலும் கருக்கட்டாமலே விதை கொடுப்பது என்பது அன்று எவருக்கும் தெரியாது. ஆண்டுக்கணக்காய்ச் சிறு பூக்களோடு போராடி மெண்டலின் கண்களும் களைத்தன. கணக்கும் சரிவரவில்லை.

1868ஆம் ஆண்டு மடாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். பணிச்சுமை ஆராய்ச்சியை ஒடுக்கியது. தேனீ வளர்ப்பையும் காலநிலைக் குறிப்புகளையும் மாத்திரம் அவர் விடவில்லை. 1874இல் அரசாங்கம் துறவற மடங்கள்மீது புதிய வரி விதித்தபோது அது அநீதியென்று செலுத்த மறுத்தார். மற்ற மடங்கள் பணிந்த பின்னரும் அவர் பணியவில்லை. மடத்தின் சொத்து வருமானம் பறிமுதலானது. நண்பர்கள் விலகினர். அந்தப் போராட்டத்திலேயே அவர் உடல் தளர்ந்தது. 1884ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, சிறுநீரக நோயினால் இறைவனடி சேர்ந்தார். ஏழைகளுக்கு உதவிய நல்ல மடாதிபதி என்று ஊர் அழுதது. உலகின் பெரிய விஞ்ஞானி ஒருவர் மறைந்தார் என்று எவரும் அறியவில்லை. அவர் கைப்பட எழுதிய ஆராய்ச்சித் தாள்கள் பலவும் மடத்தில் எரிக்கப்பட்டன.

மறைந்தது வெளிப்பட்டது

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1900ஆம் ஆண்டில் ஒல்லாந்தில் டி விறீஸ், ஜேர்மனியில் கொறென்ஸ், ஒஸ்திரியாவில் செர்மாக் ஆகிய மூவர் தனித்தனியே இதே விதிகளை நெருங்கி, மெண்டலின் பழைய கட்டுரையைக் கண்டார்கள். அவர் சொன்ன காரணிகள் உயிர்க்கலத்தின் நிறமூர்த்தங்களில் இருப்பது பின்னர் தெளிவாயிற்று. 1953இல் டி.என்.ஏ. என்னும் பொருளின் அமைப்பும் வெளியாயிற்று.

மெண்டல் எண்ணிய சுருங்கிய பட்டாணிக்குக் காரணம் என்ன என்பது 1990இல் இங்கிலாந்தின் நொரிச் நகர ஆராய்ச்சியாளரால் தெரியவந்தது. மாப்பொருளை உருவாக்க உதவும் பரம்பரை அலகு ஒன்றினுள் டி.என்.ஏ.யின் அந்நியத் துண்டு ஒன்று புகுந்து அதைப் பழுதாக்கிவிட்டது. அதனால் விதையில் வெல்லம் மிஞ்சி, அது தண்ணீரை அதிகம் இழுக்கிறது. காயும்போது தோல் சுருங்குகிறது. பரம்பரை அலகில் நேரும் இத்தகைய மாற்றத்தையே விகாரம் என்கிறோம். விகாரங்கள் சில தீமை செய்யும். பல ஒன்றும் செய்யா. சில நன்மை பயக்கும்.

இங்கேதான் மெண்டலின் பணி சாள்ஸ் டார்வினின் கூர்ப்புக் கொள்கையோடு வந்து சேர்கிறது. டார்வினின் பெருநூல் 1859இல் வெளிவந்தது. மெண்டல் அதைக் கோடிட்டுப் படித்த பிரதி இன்றும் இருக்கிறது. டார்வினோ மெண்டலை அறியாமலே இறந்தார். பெற்றோரின் இயல்புகள் பாலும் நீரும்போலக் கலப்பன என்றே அக்காலத்தவர் நம்பினர். அப்படியானால் ஒருவரிடம் தோன்றும் புதிய நல்லியல்பு தலைமுறைதோறும் பாதியாகக் குறைந்து, குடத்து நீரில் விட்ட ஒரு துளி மைபோல மறைந்துவிடுமே என்று 1867இல் ஜென்கின் என்ற எந்திரவியலறிஞர் கேட்டார். டார்வினால் அதற்குத் தக்க விடை கூற முடியவில்லை. விடை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே புறூண் நகரில் வாசிக்கப்பட்டிருந்தது. இயல்புகள் கரைவதில்லை, மறைந்தாலும் முழுமையாக இருக்கின்றன. ஆகவேதான் நல்ல விகாரம் தலைமுறைகளினூடே நிலைத்துப் பெருக முடிகிறது.

நமக்கு உரிய பாடம்

இவ்விஞ்ஞானம் நம் வீடுகளுக்கும் உரியது. பிள்ளை குறையோடு பிறந்தால் தாயைப் பழிப்போர் இன்றுமுண்டு. தலசீமியா போன்ற பின்னிடைவான நோயில், நோயின் காரணி தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தே ஆகவேண்டும். சுகதேகிகளான இருவரும் அதைத் தம்முள் மறைவாய்க் கொண்டிருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கிலொரு பங்கு ஆபத்து உண்டு. அது எவருடைய குற்றமுமன்று, சாபமுமன்று. மச்சான், மச்சாள் உறவிற் சம்பந்தம் பேசுவது எம்மவர் வழக்கம். அத்தகையோர் ஒரே மறைவான காரணியைப் பொதுப் பாட்டன் பாட்டியிடமிருந்து பெற்றிருக்கும் வாய்ப்புக் கூடுதலாகும். சொந்த மச்சாளை முடிப்பதற்குத் திருச்சபைச் சட்டம் விலக்குப் பெறும்படி கேட்கிறது. பெற்றோர் நின்று சிந்திக்க மெண்டல் இன்னுமொரு காரணத்தைத் தருகிறார். தலசீமியாக் காரணி உள்ளதா என்பதைக் கலியாணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனையால் அறியவும் முடியும்.

கூர்ப்பைப் படித்தால் விசுவாசம் போய்விடுமோ என அஞ்சும் பெற்றோரும், விசுவாசத்தை விட்டாற்றான் விஞ்ஞானம் படிக்கலாமென எண்ணும் இளைஞரும் நம்மிடையே உள்ளனர். இருசாராரும் இத்துறவியை நினைத்துப் பார்ப்பது நன்று. மனித உடலின் தோற்றம் பற்றி அறிஞர் ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்றும், ஆன்மாவோ இறைவனால் நேரே படைக்கப்படுவது என்றும் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1950இல் போதித்தார். கூர்ப்பு வெறும் ஊகம் என்ற நிலையைக் கடந்துவிட்டதென்பதைப் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் ஏற்றுக்கொண்டார். விஞ்ஞானத்தைத் திருச்சபை அடக்கியது என்போர் இன்னொன்றையும் அறியவேண்டும். 1948இல் சோவியத் நாட்டில் மெண்டலின் விஞ்ஞானத்தைத் தடைசெய்தவர்கள் கடவுளை மறுத்தவர்களே. 1950இல் செக்கோஸ்லோவாக்கியாவில் மடங்கள் மூடப்பட்டபோது மெண்டலின் சிலையும் நகரச் சதுக்கத்திலிருந்து அகற்றப்பட்டது. மடத்துத் தோட்டத்துக்குப் போன அந்தச் சிலை, அவர் பட்டாணி வளர்த்த மண்ணருகே இன்றும் நிற்கிறது.

பரீட்சையில் இருமுறை தவறியவர். நோயாளரைப் பார்க்கவும் மனம் தாங்காதவர். தம் உழைப்பின் பலனைக் கண்ணாற் காணாதவர். தமக்குக் கிடைத்த ஒரு துண்டு நிலத்தில் தம்மால் இயன்றதை உண்மையோடு செய்தார். எண்ணியதை எண்ணியபடியே எழுதினார். மறைந்திருப்பது அழிந்ததன்று என்பதை அவருடைய பட்டாணிச் செடிகள் காட்டின. அவருடைய வாழ்வும் அதையே காட்டுகிறது. எவரும் பாராட்டாத மூலையில் இன்று பணிசெய்யும் ஆசிரியருக்கும், தாய்க்கும், துறவிக்கும் இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்?