சுவார்ட்ஸ் ஐயரின் மைந்தர் மூவர்

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயரின் பெயரைக் கேட்டறியாத கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் மிகச் சிலரே ஆவர். அவர் எழுப்பிய ஆலயங்களைப் பற்றியும், நிறுவிய பாடசாலைகளைப் பற்றியும், ஹைதர் அலியிடம் தூது சென்றதைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். அவற்றை மீண்டும் விரித்தல் நம் நோக்கமன்று. மணம் புரியாது வாழ்ந்து, பிறந்த நாட்டிற்கு ஒருமுறையேனும் மீளாது, ஏறக்குறைய 48 ஆண்டுகள் நம் முன்னோரிடையே தங்கி மறைந்த அவருக்கு வீடென்றும் மக்களென்றும் வாய்த்தவை யாவை என்பதையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

1726-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிரஷ்ய தேசத்துச் சொன்னன்பர்க் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் இக்காலத்தில் போலந்து நாட்டின் எல்லைக்குள் அடங்கியுள்ளது. அவர் சிறு குழந்தையாயிருந்தபோதே அன்னையார் மரித்தார். மரணப் படுக்கையில் அவ்வம்மையார், இம்மகனைக் கர்த்தருடைய ஊழியத்திற்கென நேர்ந்திருப்பதாகவும், அதற்கேற்ப அவனை வளர்க்கவேண்டுமென்றும் தம் கணவரிடம் கூறிச் சென்றனர். தாய் விட்டுச்சென்ற சொத்து அந்நேர்ச்சி ஒன்றே எனலாம். வாலிபப் பருவத்தில் ஹாலே நகரத்துக் கல்விச்சாலையை அடைந்தபோது, முன்னர்த் தமிழ்நாட்டில் ஊழியம் புரிந்து திரும்பியிருந்த சூல்ட்சே ஐயரைக் கண்டு, தமிழ் வேதாகமத்தை அச்சிடும் முயற்சிக்குத் துணைசெய்யும் பொருட்டுத் தமிழைக் கற்கத் தொடங்கினார். அச்சுவேலை கைகூடவில்லையாயினும் கற்ற தமிழ் வீண்போகவில்லை. தந்தைவழிச் சொத்தில் தமக்குரிய பாகத்தை உடன்பிறந்தார்க்கு விட்டுக்கொடுத்துக் கப்பலேறி, 1750-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் கரையை அடைந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் கட்டிய ஆலயத்தில் தமிழிற் பிரசங்கித்தார். ஆங்கிலத்தில் ஒரு வியாசம் வரைவதற்கே நாட்கணக்கில் வருந்தும் நமக்கு இது பெருவியப்பாகத் தோன்றும். எனினும் ஹாலேயில் இட்ட அடிப்படையை மறத்தலாகாது.

பின்னர் அவர் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று தங்கினார். ஆண்டிற்கு 48 பவுன் சம்பளம். படுக்கையை விரித்தபின் நிற்பதற்கு மட்டுமே இடமுள்ள ஓர் அறை. சோறும் காய்கறியும் உணவு. கருஞ்சாயம் தோய்த்த பருத்தித் துணி உடை. இத்தகைய வாழ்க்கையிற் குடும்பத்திற்கு இடமில்லை என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் அக்குடும்பம் ஒவ்வொருவராகத் தானே வந்து சேர்ந்தது.

முதல்வர் ஜான் காஸ்பர் கோலாஃப். இவர் தரங்கம்பாடியில் ஊழியம் புரிந்த மூத்த கோலாஃப் ஐயரின் புதல்வர். 1762-இல் இந்நாட்டிலேயே பிறந்தவர். ஐயரவர்கள் இவரை இளமை முதல் தம் மகனைப்போலவே வளர்த்துக் கற்பித்தார். 1787-இல் குருப்பட்டம் பெற்ற இவர் தஞ்சாவூரில் அவர்க்கு வலக்கையாக விளங்கி, அவர் மறைந்தபின் அச்சபையைத் தாங்கி, 1844-இல் அங்கேயே மரித்தார். தந்தை சென்ற வழியே சென்ற மகனாதலின், இவரைக்குறித்து மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை.

இரண்டாமவர் தமிழ் பயிலும் நமக்கு நெருங்கியவர். ஐயரவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளைச் சந்திக்கச் சென்றபோது, தேவசகாயம் பிள்ளை என்னும் புலவரின் மகனாகிய ஏறக்குறைய 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டு, பெற்றோரின் சம்மதத்துடன் தஞ்சைக்கு அழைத்துவந்தார். அவனே பிற்காலத்தில் வேதநாயக சாஸ்திரியாராய், பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களை இயற்றியவன். குறத்தியையும் குறி சொல்லுதலையும் கிறிஸ்தவ நூலொன்றிற் புகுத்தத் துணிந்த அவ்வுள்ளம், தமிழ்ச் செய்யுள் மரபை விட்டொழிக்குமாறு வற்புறுத்தாத ஒருவரின் நிழலில் வளர்ந்தது என்பதை நாம் நினைத்தல் தகும். இம்மகனும் எப்போதும் எளியவரல்லர். சாதி வேற்றுமையைக் குறித்துப் பின்வந்த மிஷனெரிமாரோடு முரண்பட்டு, 1829-ஆம் ஆண்டளவில் பெரும் பூசலுக்கு உள்ளானார். அதில் அவர் பற்றிநின்ற பக்கத்தை நாம் ஏற்கவியலாது. எனினும் அவர் பாடல்களின்றி நம் சபைகளின் ஆராதனை இல்லை.

மூன்றாமவர் அரசிளங்குமரர். தஞ்சையை ஆண்ட துளஜா மகாராஜா தமக்குப் பிள்ளையின்றி, சரபோஜி என்னும் ஏறக்குறைய பத்து வயதுச் சிறுவரைத் தத்தெடுத்தார். 1787-இல் தமக்கு முடிவு நெருங்கியதை உணர்ந்து, ஐயரை அழைப்பித்து, அச்சிறுவரின் கையை அவர் கையில் வைத்து, இவன் இனி உம்முடைய பிள்ளை என்னும் கருத்துப்பட ஒப்புவித்தார். ஐயரவர்களோ அதனை ஏற்கவில்லை. பாதிரி ஒருவர் அரசகுமாரனைக் காக்கப் புகுந்தால் நாட்டிற் கலகம் விளையுமென்று அஞ்சி, அரசரின் தம்பியாகிய அமர்சிங்கிடமே ஒப்புவிக்குமாறு யோசனை கூறினார்.

அறிவுடையோர் கூறத்தக்க யோசனையே அது. ஆனால் அதனால் விளைந்தது யாது? துளஜா மறைந்ததும், தத்து செல்லாதெனப் பண்டிதர் சிலர் கூறிய தீர்ப்பைக் கொண்டு கும்பினியார் அமர்சிங்கையே அரசராக்கினர். அவரோ சிறுவரைக் கல்வியும் வெளிச்சமுமின்றி அடைத்துவைத்தார். வளர்ப்புத் தந்தையாகும்படி கேட்டபோது ஐயர் மறுத்த மறுப்பும் அத்துன்பத்திற்கு ஒரு காரணமென்பதை மறைத்தல் முறையன்று. அவரும் அதனை உணர்ந்தே இருந்தனர் என்று நாம் கருதுகின்றோம். பின்னர் அவர் செய்தவற்றை நோக்கின் வேறு கருத இடமில்லை. முதுமையிலும் நோயிலும் அரண்மனைக்கு நடந்து, அமர்சிங்கைக் கண்டித்து, சென்னப்பட்டணத்து ஆளுநர்க்கு மீண்டும் மீண்டும் எழுதிச் சிறுவர்க்குக் காவலும் ஆசிரியரும் கிடைக்கச் செய்தார். தஞ்சையில் இருத்தல் ஆபத்தென்று கண்டபோது, 1793-இல் அவரையும் துளஜாவின் தேவிமாரையும் தாமே உடன்சென்று சென்னப்பட்டணத்திற் சேர்த்தார். அங்கே கெரிக்கே ஐயர் கல்வி கற்பித்தார். தத்து செல்லுமோ என்னும் வழக்கையும் சுவார்ட்ஸ் ஐயர் விடவில்லை. வேறு பண்டிதரின் கருத்துகள் பெறப்பட்டு, முன்னைய தீர்ப்பு பிழையென்பது இறுதியில் தெளிவாயிற்று. முன்பு ஒருகால் மறுத்த கையை இவ்வாறு அவர் பத்தாண்டுகள் விடாது பற்றியிருந்தார்.

கும்பினியாரும் அரசரும் குடிகளும் ஒருங்கே நம்பியதனாலன்றோ இவை இயன்றன? தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் மிகுந்தபோது, அதிகாரிகள் விலை தருவதாகச் சொல்லியும் நம்பாத குடியானவர், ஐயர் தம் வார்த்தையைப் பிணையாக நிறுத்தியவுடன் நெல்லும் மாடும் கொண்டுவந்தனர். பகைவராகிய ஹைதர் அலியும் இவர் வழிச்செல்லும்போது தடைசெய்யலாகாதெனத் தம் படைக்குக் கட்டளையிட்டிருந்தார்.

1797-ஆம் ஆண்டின் இறுதியில் ஐயர் நோயுற்றார். சரபோஜி காண வந்தார். ஐயர் அவர்க்கு ஆசி கூறி, குடிகளை நீதியாய் நடத்தவும், கல்வியைப் போற்றவும், அமர்சிங்கைப் பழிவாங்காதிருக்கவும் புத்தி சொன்னார். கிறிஸ்துவை ஏற்கவேண்டுமென்னும் தம் விருப்பத்தையும் மறைத்தாரில்லை. அவ்விருப்பம் நிறைவேறவில்லை, சரபோஜி தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். 1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் ஐயர் உயிர்நீத்தார். தம் மகன் அரியணை ஏறுவதை அவர் கண்டிலர். அது அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது. மறு ஆண்டே நாட்டின் ஆட்சி முழுவதும் உடன்படிக்கையினாற் கும்பினியார் கைக்குச் சென்றது. சரபோஜிக்கு எஞ்சியது கோட்டையும் பட்டமுமே. அதனைக் காணாமற்போனது ஐயர்க்கு நன்மையென்றே நாம் சொல்வோம்.

சரபோஜி வந்து முகத்தைக் காணும் வரை அடக்கம் தாமதப்பட்டது. அவர் வந்து கண்ணீர் சொரிந்து, பொன்னாடையால் உடலைப் போர்த்துக் கல்லறை வரை உடன்சென்றார். ஆட்சியை இழந்தும், சரஸ்வதி மகாலில் ஏடுகளையும் பல மொழி நூல்களையும் சேர்த்துக் கல்வியைப் போற்றினார். ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளையும் தாபரித்தார். வேதநாயகரையும் நண்பராகவே கொண்டிருந்தார். பெருவுடையாரைக் குறித்துப் பாடுமாறு அரசர் வேண்டியபோது புலவர் மறுத்தனர் என்றும், அதனால் நட்பு முறியவில்லை என்றும் சபையார் வழிவழியாகக் கூறுவர். ஒரு தந்தையிடம் வளர்ந்த இருவர்க்கு அவ்வளவு உரிமை இருந்தது போலும். சரபேந்திர பூபால குறவஞ்சியைக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடினார்.

அரசர் இங்கிலாந்தில் ஃபிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக்கொண்டு சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் ஒன்றைச் செய்வித்து, தஞ்சைச் சிறிய கோட்டையிலுள்ள ஆலயத்தில் அமைத்தார். படுக்கையிற் கிடக்கும் ஐயரின் கையைச் சரபோஜி பற்றியிருக்கின்றார். கெரிக்கே ஐயரும் பாடசாலைப் பிள்ளைகளும் சூழ நிற்கின்றனர். கல்லறைமேற் பொறித்த ஆங்கிலச் செய்யுளையோ அரசர் தாமே இயற்றினார். அதில் ஐயரைத் தந்தையே என விளித்து, இறுதியிற் பட்டமும் விருதும் யாதொன்றும் சேர்க்காது, தம்மை அவருடைய சரபோஜி என்று மட்டுமே குறித்துள்ளார்.