சாக்ரட்டீசரும் அத்தேனே நகரமும்

பவுல் அப்போஸ்தலர் உரையாடிய அத்தேனே நகரத்துச் சந்தைவெளியில், அவருக்கு ஏறத்தாழ 450 ஆண்டுகட்கு முன்னரே, எதிர்ப்பட்டோரை வினவி மெய்ப்பொருள் நாடியவர் சாக்ரட்டீசர். அவர்தம் முடிவின் காரணத்தை அறிய விழைவோர், அந்நகரம் அன்றிருந்த நிலையையும் அறிதல் வேண்டும்.

கி. மு. 469-ஆம் ஆண்டளவில் இவர் பிறந்தார். தந்தையார் கற்றச்சர், தாயார் மருத்துவச்சி. அந்நாளில் அத்தேனே குடியாட்சியில் ஓங்கி விளங்கிற்று. எனினும் அடிமைகளும் பெண்டிரும் அயலாரும் ஆட்சியிற் பங்கு பெற்றிலர். அவையில் சொல்வன்மையே செல்வாக்களித்தமையின், அதனைப் பொருள் பெற்றுக் கற்பிக்கும் ஆசிரியர் பலர் அங்கு வந்து குழுமினர். சாக்ரட்டீசரோ கூலி பெற்றிலர், நூலும் எழுதிலர். நீதி யாது, வீரம் யாது என வினவி, அறிந்தோம் எனச் செருக்கினார்க்கு அவர்தம் அறியாமையை உணர்த்தினார்.

கி. மு. 431-இல் ஸ்பார்த்தாவோடு பெரும்போர் மூண்டது. இவரும் போர்வீரராய் நின்று நகருக்கு உழைத்தார். கி. மு. 406-இல், கடற்போரில் வென்றும் நீரில் வீழ்ந்தோரை மீட்கத் தவறிய தளபதிகளை, சட்டத்திற்கு மாறாக ஒருங்கே தண்டிக்க மக்கள் முனைந்தனர். அன்று அவை நடத்தும் குழுவிலிருந்த இவர் ஒருவரே உடன்பட மறுத்தார். கி. மு. 404-இல் நகரம் தோற்றது, முப்பதின்மர் கொடுங்கோலோச்சினர். சலாமிஸ் தீவினனான லியோன் என்பானைக் கொலைக்குக் கொணருமாறு ஐவரை அவர்கள் ஏவினர். நால்வர் சென்றனர், சாக்ரட்டீசர் தம் இல்லம் திரும்பினார்.

அடுத்த ஆண்டு குடியாட்சி மீண்டது. பழம்பகையை மறப்பதாக மக்கள் சூளுற்றனர். ஆயினும் மனப்புண் ஆறவில்லை. முப்பதின்மருள் தலைவனான கிரித்தியாசும், பகைவர்பாற் சென்ற அல்கிபியாதீசும் முன்னர்ச் சாக்ரட்டீசரோடு பழகியவர்கள். அரசியற் குற்றம் சாட்ட அச்சூளுறவு தடையாயிருந்தது. கி. மு. 399-இல், நகரத் தேவர்களை மதியாதவர், இளைஞரைக் கெடுப்பவர் என்னும் பழிகள் இவர்மீது சுமத்தப்பட்டன. சுமார் 500 குடிமக்கள் கூடிய நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. நண்பர்கள் தப்பிச்செல்ல வழி வகுத்தும், நகரின் சட்டத்தை மீறுதல் தகாதென மறுத்து, நஞ்சருந்தி உயிர்நீத்தார்.

எழுபது வயதளவும் இவரைப் பேசவிட்டதும் அந்நகரே, கொன்றதும் அந்நகரே. செழித்த நாளில் அது பொறுத்த வினாக்களை, தோற்று அஞ்சிய நாளிற் பொறுக்கவில்லை. இவரோ மக்கள் ஆரவாரத்திற்கும் கொடுங்கோலர் ஆணைக்கும் ஒருபடித்தாகவே தலைவணங்காது நின்றார். தத்துவம் பயில்வோர் அவர் வினாக்களோடு இவ்வுறுதியையும் சேர்த்துக் கற்பாராக.