கரை ஒதுங்கி வந்த கவிஞர் ஆலாவல்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! இன்றைய ஜும்ஆவில் வங்காளக் கவிஞர் ஆலாவல் அவர்களின் வாழ்க்கையைப் பார்ப்போம். வங்காளத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நம் பக்கம் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

அரக்கானும் வங்காளமும்

வங்காளத்துக்குத் தென்கிழக்கே கடலோரமாக இருந்த பௌத்த அரசு அரக்கான். இன்று அது மியான்மரின் ராக்கைன் மாநிலம். அந்நாட்டு அரசர் நரமெய்க்லா பகைவர்களிடம் நாட்டை இழந்து, வங்காள சுல்தானிடம் அடைக்கலம் தேடி வந்தார். ஏறத்தாழ 24 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பிறகு சுல்தானின் படை உதவியோடு திரும்பிச் சென்று, 1430-இல் மிரௌக்-ஊ என்ற புதிய தலைநகரை அமைத்தார்.

அதன் பின் அங்கே வங்காளத்தின் வாடை வீசியது. அரசர்கள் பௌத்தர்களாகவே இருந்தார்கள். ஆனால் சலீம் ஷா, ஹுசைன் ஷா என்று முஸ்லிம் பட்டப்பெயர்களையும் வைத்துக்கொண்டார்கள். நாணயங்களில் பாரசீக எழுத்தும் வங்காள எழுத்தும் இருந்தன. முஸ்லிம்கள் அமைச்சர்களாகவும் தளபதிகளாகவும் இருந்தார்கள். தவ்லத் காஜி என்ற கவிஞர் அந்த அவையில் வங்காள மொழியில் காவியம் பாடினார்.

தந்தையை இழந்த பிள்ளை

ஆலாவல் 1607 வாக்கில் பிறந்தவர். வங்காளத்தின் ஃபத்ஹாபாதை ஆண்ட மஜ்லிஸ் குத்புவிடம் அவருடைய தந்தை அமைச்சராக இருந்தார். ஒருநாள் தந்தையும் மகனும் படகில் போகும்போது போர்ச்சுக்கீசியக் கடற்கொள்ளையர்கள் தாக்கினார்கள். தந்தை போராடி ஷஹீதானார். மகன் காயத்தோடு அரக்கானில் போய்ச் சேர்ந்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் போர்ச்சுக்கீசியக் கொள்ளையர்களுக்கு இடம் கொடுத்துவந்ததே அரக்கான் அரசுதான். அதே அரசில் குதிரைவீரர் வேலைதான் அவருக்குப் பிழைப்பாகக் கிடைத்தது! அரபி, பாரசீகம், சமஸ்கிருதம், வங்காளம் எல்லாம் கற்றவர், இசையும் தெரிந்தவர், குதிரை மேல் காவல் காத்தார்.

அவருடைய கல்வியைக் கண்டுகொண்டவர் மாகன் தாகூர். அரக்கானின் முதன்மை அமைச்சரான அவர் ஒரு முஸ்லிம். ஆலாவலை அழைத்து மரியாதை செய்து, எழுதச் சொன்னார். மாலிக் முஹம்மது ஜாயஸி அவதி மொழியில் பாடிய பத்மாவத் காவியத்தை ஆலாவல் வங்காளத்தில் பத்மாவதியாகப் பாடினார். இன்றும் அவர் பெயர் நிற்பது அதனால்தான். தவ்லத் காஜி முடிக்காமல் விட்டுப்போன காவியத்தையும் 1659-இல் முடித்துக் கொடுத்தார்.

அதே நூற்றாண்டில் இங்கே சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை வள்ளல் சீதக்காதியும், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் ஆதரித்தது உங்களுக்குத் தெரியும். புலவரின் கல்வி மக்களிடம் சேர, கைதூக்கி விட ஒருவர் வேண்டும்.

ஒரு கோள், ஐம்பது நாள் சிறை

1660-இல் ஔரங்கசீப்பின் சகோதரர் ஷா ஷுஜா தோற்று, அரக்கானில் அடைக்கலம் தேடினார். அரசருக்கும் அவருக்கும் பகை மூண்டு, அடுத்த ஆண்டு அவர் கொல்லப்பட்டார். அந்தக் குழப்பத்தில் ஆலாவலுக்கும் ஷுஜாவோடு தொடர்பு இருப்பதாக ஒருவன் பொய்க் கோள் சொன்னான். யாரும் விசாரிக்கவில்லை. ஐம்பது நாள் சிறை. வெளியே வந்தபோது கையில் ஒன்றுமில்லை. மாகன் தாகூரும் முன்பே வஃபாத்தாகிவிட்டார். பெரும் கவிஞர் பிறரிடம் கையேந்தி வாழ்ந்தார்.

ஆனாலும் அவர் எழுதுவதை விடவில்லை. மார்க்கக் கடமைகளையும் ஒழுக்கங்களையும் சொல்லும் பாரசீக நூலை, பாமரர்களுக்கும் புரியும்படி 1664-இல் துஹ்ஃபா என்று வங்காளத்தில் தந்தார். காஜி சையித் மஸ்ஊத் ஷா அவருக்குக் காதிரிய்யா தரீக்காவின் கிலாஃபத் கொடுத்தார். முதுமையில் நிஜாமியின் சிக்கந்தர் நாமாவையும் மொழிபெயர்த்தார்.

நமக்கு என்ன?

அன்பானவர்களே! விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கட்டட வேலையிலும் ஹோட்டல்களிலும் வங்காள மொழி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்கு வந்து கடைசி ஸஃப்பில் நிற்கிறார்கள், ஸலாம் கொடுத்ததும் வேலைக்கு ஓடுகிறார்கள். அவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஆனால் வாட்ஸ்அப்பில் அவர்களைப் பற்றி ஒரு செய்தி வந்தால் உடனே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறும்படி சூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அந்த விசாரணை நடந்திருந்தால் ஆலாவல் சிறைக்குப் போயிருக்க மாட்டார்.

ஆகவே இன்று தொழுகை முடிந்ததும் பக்கத்தில் நிற்பவரிடம் பெயரையும் ஊரையும் கேளுங்கள். கூலி கிடைக்கவில்லை, உடம்பு சரியில்லை என்றால் ஜமாஅத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அவர்களில் ஒருவர் ஹாஃபிழாக இருக்கலாம், ஆலிமாக இருக்கலாம். யாரிடம் என்ன கொடுத்திருக்கிறான் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

கல்வியையும் கற்றவரையும் மதிக்கிற, நம்மிடம் வந்தவரைப் பாதுகாக்கிற, பிறர் மானத்தைக் காக்கிற மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.