முத்துராமலிங்க சேதுபதியும் கடல்படு பொருளும்

சேதுநாட்டு மன்னர்களைப் பாடிய புலவர்கள் அவர்தம் கொடையையும் வாள்வலியையுமே பெரிதும் பாடினர். சங்குக் கணக்கைப் பாடியவர் அரியர். ஆயினும் முத்துராமலிங்க விஜயரகுநாத சேதுபதியின் வாழ்வில் அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டு எதையும் விளங்கிக்கொள்ள இயலாது.

1760-ஆம் ஆண்டில் பிறந்த அவர், கைக்குழந்தைப் பருவத்திலேயே இராமநாதபுரம் அரியணைக்கு உரியவரானார். அன்னை முத்துத் திருவாயி நாச்சியார் மகனின் சார்பில் ஆட்சியை நடத்தினார். 1772 ஜூன் திங்களில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் படையும், தளபதி ஜோசப் ஸ்மித்தின் கீழ் வந்த கும்பெனிப் படையும் கோட்டையை வீழ்த்தின. பன்னிரண்டு வயதுச் சிறுவர் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அடைக்கப்பட்டார். அங்கே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. ஐதர் அலியின் படையெடுப்பு கர்நாடகத்தை உலுக்கிய வேளையில், மறவர் சீமையிலும் கிளர்ச்சி மூளவே, 1781-இல் நவாபு தாமே அவரை மீண்டும் அரசராக்க நேர்ந்தது.

திரும்பி வந்த இருபத்தோரு வயது இளைஞர் கண்டது வறண்ட நிலமும் வளமிக்க கடலுமே. மன்னார் வளைகுடாவில் முத்தும், பாக் நீரிணையின் படுகைகளில் சங்கும் விளைந்தன. குளியாள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டோ அதன் மேல் ஊன்றிக்கொண்டோ ஆழத்திற்கு இறங்குவான். கயிற்றின் மறுமுனை தோணியில் நிற்பவன் கையில் இருக்கும். இந்தக் கல்லே உரிமைக்கும் அளவாயிற்று. இன்னார் இத்தனை கல் இறக்கலாம் என்பது வழக்கு. முத்துக்குளிப்பில் தீர்வையின்றிக் கல் இறக்கும் உரிமை சேதுபதிகளுக்குத் தொன்றுதொட்டு உண்டு. சங்கோ வங்காளத்திற்குப் போய் மங்கலப் பெண்களின் கைவளையாயிற்று. கரையோரத்தில் வலிமை பெற்றிருந்த ஒல்லாந்தர்கூடச் சேதுபதிகளுடன் உடன்படிக்கை செய்து, விலை கொடுத்தே அதைப் பெற்றனர். இவ்வுரிமை நவாபோ கும்பெனியோ எழுதிக் கொடுத்ததன்று. அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தது.

1792-இல் நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், பாளையங்களின் பேஷ்குஷ் தொகையை நேரே தண்டும் அதிகாரம் கும்பெனிக்குக் கிடைத்தது. கும்பெனியார் அதனோடு நிற்கவில்லை. நெசவாளரின் துணியும், துறைமுகச் சுங்கமும், வணிகமும் தம் ஏற்பாட்டின்படி நடக்க வேண்டும் என்று விரும்பினர். சேதுபதி இணங்கவில்லை. தம் நாட்டுப் பொருளை எடுக்க அனுமதி வேண்டி நிற்க வேண்டியவர் கும்பெனியாரே அன்றித் தாம் அல்லர் என்பது அவருடைய நடவடிக்கைகளில் தெளிவாகவே தெரிகிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1992-இல், டோரஸ் நீரிணையின் மேர் தீவு மக்களுக்கு வெள்ளையர் வருகைக்கு முன்பிருந்த நிலவுரிமை இன்னும் உண்டு என்று ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் ஏற்றது. மறு ஆண்டில் வந்த சட்டம், சுரங்க ஆய்வு உரிமங்களை எதிர்த்து வாதிடவும் அத்தகைய மக்களுக்கு வழி செய்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு தேடும் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டபோது உழவரும் மீனவரும் எழுப்பிய வினாவும் இதற்கு அயலானதன்று. ஆனால் சேதுபதியின் காலத்தில் முறையிடுவதற்கு மன்றம் ஏது? கும்பெனியே வாதி, கும்பெனியே நடுவர்.

மன்னரிடமும் பிழை உண்டு. கும்பெனியாருக்கு எதிராகத் திரட்ட வேண்டிய வலிமையைச் சிவகங்கைச் சீமையுடன் பூசலிடுவதில் அவர் செலவழித்தார். மருது சகோதரர்களுடன் மூண்ட அப்பகை, காரணம் தேடிக் காத்திருந்தவர்களுக்கு நல்ல காரணமாயிற்று. 1795 பிப்ரவரியில் கும்பெனிப் படை அவரைச் சிறைப்பிடித்து மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கே கொண்டுசென்றது. சிறுவராய் இருந்த அதே ஊர். இம்முறை மீட்சி இல்லை. 1799-இல் முதுகுளத்தூர்ப் பகுதியில் மயிலப்பன் சேர்வைகாரர் நடத்திய கிளர்ச்சியும் அடக்கப்பட்டது.

1803-இல் கும்பெனியார் சேதுநாட்டை ஜமீனாக்கி, மன்னரின் தமக்கை மங்களேசுவரி நாச்சியாரிடம் ஒப்படைத்தனர். உப்பும் சுங்கமும் கும்பெனியாருக்குப் போயின. சங்குப் படுகைகள் மட்டும் சமஸ்தானத்திடம் நின்றன. பின்னர்ச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மாற்றப்பட்ட மன்னர், 1809 ஜனவரியில் அங்கேயே உயிர்நீத்தார். ஐம்பது ஆண்டுகூட நிறையாத வாழ்வில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்தன.

அவர் விட்டுச்சென்ற வினா நூறாண்டு கழித்துச் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. 1904-இல் தீர்ப்புத் தொகுதியில் வெளியான வழக்கில், பாக் நீரிணையின் சங்குப் படுகைகள் நெடுங்காலமாகச் சமஸ்தானத்தின் அனுபோகத்தில் இருப்பவை என்றும், அங்கே அனுமதியின்றிச் சங்கெடுப்பது களவாகும் என்றும் நீதிபதிகள் கண்டனர். வழிவழி வந்த வழக்காறு சட்டத்தின் முன் நின்றது. ஆனால் அது அரண்மனையின் வழக்காறு. மூச்சடக்கிக் கல்லோடு இறங்கியவர்களின் வழக்காறு எந்தப் பட்டயத்திலும் ஏறியதில்லை. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு நின்றவர்கள், சங்கெடுத்தவர்கள்.