அலெக்ஸாந்தர் ஹம்போல்ட்

ஜெர்மானியப் பேரறிஞராகிய ஹம்போல்ட் 1769-ஆம் ஆண்டு பெர்லின் நகரிற் பிறந்தார். சுரங்க அதிகாரியாயிருந்த அவர், 1796-இல் தாயார் இறந்து பெருஞ்செல்வம் கைவந்ததும் பதவியைத் துறந்தார். பொன் தேடித் தென்னமெரிக்கா சென்றோர் பலர். இவரோ வெப்பமானியும் பாரமானியும் ஏந்திச் சென்றார்.

1799-இல் பிரெஞ்சு நாட்டுத் தாவர நூல் வல்லார் பொன்பிளானுடன் குமானாத் துறையில் இறங்கினார். மழைக்காலத்திற் பசுங்கடலாய் விளங்கும் லானோஸ் புல்வெளி, வறண்ட பருவத்திற் புழுதிப் பரப்பாய்க் கிடக்கக் கண்டார். அதற்குத் தெற்கே, மழை ஓயாத ஓரினோக்கோ ஆற்றின் மேற்பகுதியிலோ வானம் தோன்றாத அடர்காடு. இரண்டும் வெப்பமிக்க நிலங்களே. மழையே அவற்றின் கோலத்தை வேறாக்கிற்று.

1802 ஜூன் 23-ஆம் நாள், உலகிலேயே உயர்ந்ததென அந்நாளிற் கருதப்பட்ட சிம்பொராசோ மலையில் ஏறினார். காற்று மெலிந்தது, ஈறுகளிற் குருதி கசிந்தது. ஏறத்தாழ 19,000 அடி உயரத்தில் பெரும்பிளவொன்று வழிமறிக்கத் திரும்பினார். உச்சியை எட்டாத அம்முயற்சியைத் தோல்வியென்பார் அவர் கண்டதை அறியார். ஆண்டீஸ் மலைத்தொடரின் அடியிற் பனைகளும் வாழைகளும். மேலே ஓக்கு மரங்கள். அதற்கும் மேலே குறுஞ்செடிகள், புல், பாறையில் ஒட்டிய பாசிக்காளான், முடிவில் உறைபனி. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம்வரை பரந்து கிடக்கும் வேறுபாட்டை ஒரே சரிவில் அடுக்காகக் கண்டு, 1807-இல் ஒரு பெரும்படத்துடன் நூலாக வெளியிட்டார்.

பெருநாட்டுக் கரையோரம் வெப்ப மண்டலத்திலிருந்தும் பாலைவனமாயிருந்தது. கடல்நீரை அளந்தார்; அது வியக்கத்தக்க குளிர்ச்சியுடையதாயிருந்தது. குளிர்ந்த நீரின்மேற் காற்று மேலெழாமையால் ஆங்கு மழை அரிது. அந்நீரோட்டத்திற்குத் தம் பெயர் இடப்பட்டதை அவர் ஒப்பவில்லை. மீனவச் சிறுவரும் நெடுங்காலமாய் அறிந்ததைத் தாம் அளந்ததேயன்றி வேறில்லை என்றார். கைப்பொருளைப் பயணத்திலும் நூற்பதிப்பிலும் கரைத்துவிட்டு, 1859-இல் காலமானார்.